முகவரிக்கு வைத்த காவல்: உள்ளமை மாறிகளும் டீபக்கர்களும்

கிள்ளை உப்பங்கழியில் நீர்மட்டம் அளக்கும் கருவி ஒன்றுக்குச் சி மொழியில் நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். உணரி தரும் 16 அளவீடுகளைக் கூட்டிச் சராசரி காண ஒரு செயற்கூறு; அதற்குள் ‘மொத்தம்’ என்று ஓர் உள்ளமை மாறி. நாள் முழுக்கச் சராசரி ஒழுங்காக வருகிறது. திடீரென்று ஒரு சுற்றில் மட்டும் நீர்மட்டம் 100 மீட்டர் என்கிறது கருவி. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டில் அப்படி எதுவும் ஏறவில்லை என்பது நிரலாளருக்குத் தெரியும். ‘மொத்தம்’ இருக்கும் இடத்தில் வேறு ஏதோ ஒரு வரி எழுதுகிறது. அந்த வரியைப் பிடிக்க ஜிடிபி என்ற டீபக்கரைத் திறந்து, மாறிக்கு ஒரு வாட்ச்பாயின்ட் போட்டு நிரலை ஓட விடுகிறார். அந்த முறை ஒன்றும் கெடவில்லை. செயற்கூறு கணக்கை முடித்துத் திரும்புகிறது. உடனே ஜிடிபி நிரலை நிறுத்தி, இந்தக் கோவை செல்லுபடியாகும் தொகுதியை நிரல் விட்டு வெளியேறிவிட்டதால் வாட்ச்பாயின்ட் 2 நீக்கப்பட்டது என்று அறிவிக்கிறது. அடுத்த சுற்றில் பிழை வந்தால் பார்க்க ஆள் இல்லை.

இதே வேலையை விஷுவல் ஸ்டுடியோவில் செய்தால் நடப்பது வேறு. எல்எல்டிபி என்ற இன்னொரு டீபக்கரில் செய்தால், எந்த ஆண்டுப் பதிப்பு என்பதைப் பொறுத்து, அதுவும் வேறு. பல ஆண்டு வயதான கருவிகள், தினமும் லட்சக்கணக்கானோர் கையில் புழங்குபவை, இவ்வளவு எளிய கேள்விக்கு ஏன் ஒரே பதிலைச் சொல்வதில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலில் ஒன்றைப் பிரித்துவிடுவோம். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் படித்த ஒரு தலைமுறைக்கு டர்போ சி-யின் நீலத்திரையும், கன்ட்ரோலோடு எஃப்7 அழுத்தினால் அடியில் திறக்கும் வாட்ச் சாளரமும் நினைவிருக்கும். அது காவல் அல்ல, வெறும் காட்சி. நிரல் நிற்கும் ஒவ்வொரு முறையும் கோவையை மறுபடி கணக்கிட்டு மதிப்பைக் காட்டும். மாறி வரையெல்லைக்குள் (ஸ்கோப்) இல்லையென்றால் அப்படி ஒரு பெயர் தெரியாது என்று சொல்லிவிட்டு இருக்கும். திரும்ப உள்ளே வந்தால் திரும்பவும் மதிப்பு தெரியும். அங்கே வரையெல்லை ஒரு சிக்கலே இல்லை, ஏனென்றால் சாளரம் பெயரை மட்டுமே வைத்திருக்கிறது. நாம் பேசுவது அதுவல்ல. மதிப்பு மாறும் அந்தக் கணத்திலேயே, எந்த வரியில் மாறினாலும், நிரலை நிறுத்தும் வாட்ச்பாயின்டைப் பற்றி.

அப்படி நிறுத்த இரண்டு வழி. ஒன்று, நிரலை ஒவ்வோர் இயந்திர ஆணையாக நடத்தி, ஒவ்வொன்றுக்குப் பிறகும் மதிப்பை ஒப்பிடுவது. மென்பொருள் வாட்ச்பாயின்ட் என்பது இதுதான். இது சாதாரண ஓட்டத்தைவிடப் பல நூறு மடங்கு மெதுவாகும் என்று ஜிடிபியின் கையேடே ஒப்புக்கொள்கிறது. மற்றொன்று, வேலையைச் செயலியிடம் ஒப்படைப்பது. 1985-ல் வந்த இன்டெல் 80386 இதற்கென்றே பிழைதிருத்தப் பதிவகங்களைக் கொண்டுவந்தது. டிஆர்0 முதல் டிஆர்3 வரை நான்கில் முகவரிகள். டிஆர்7-ல் எத்தனை பைட், எழுதினால் மட்டுமா, படித்தாலுமா என்ற விவரம். எது தூண்டியது என்பது டிஆர்6-ல். இன்றைய 64 பிட் செயலியிலும் அதே நான்குதான், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 8 பைட். ஐபிஎம்மின் பவர் வரிசையில் நெடுங்காலம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பவர்10-ல்தான் இரண்டாவது வந்தது. நம் உப்பங்கழிக் கருவியில் இருக்கக்கூடிய ஆர்ம் கார்டெக்ஸ் எம்3-இல் நான்கு ஒப்பிடிகள்.

லினக்ஸில் இந்தப் பதிவகங்களைப் பயனர் நிரலும் கெர்னலும் முறையாகப் பகிர்ந்துகொள்ள ஒரு பொதுக் கட்டமைப்பு 2010 பிப்ரவரியில் வெளிவந்த 2.6.33 பதிப்பில்தான் சேர்ந்தது. அதன் மூலநிரல் கோப்பின் தலைப்பில் ஆலன் ஸ்டெர்ன், ஃப்ரெடெரிக் வைஸ்பெக்கர் ஆகியோருடன் ஐபிஎம்மில் பணிபுரிந்த கே. பிரசாத்தின் பெயரும் இருக்கிறது. இன்று லினக்ஸ் கணினியில் ஓடும் நிரலுக்கு நாம் ஜிடிபியில் போடும் வன்பொருள் வாட்ச்பாயின்ட் அந்தக் கட்டமைப்பு வழியாகத்தான் செயலிக்குப் போகிறது.

எத்தனை பதிவகம் என்பதைவிட, அவற்றுக்கு என்ன தெரியும் என்பதுதான் நமக்கு முக்கியம். முகவரியும் நீளமும் தெரியும், அவ்வளவே. ‘மொத்தம்’ என்ற பெயர் தெரியாது, அது எந்தச் செயற்கூற்றுக்குரியது என்பதும் தெரியாது. ஜிடிபி தொலைவில் உள்ள ஒரு போர்டோடு பேசும் நெறிமுறையைப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். எழுதுவதைக் கண்காணிக்கச் சொல்லும் இசட்2 என்ற செய்தியில் ஒரு முகவரியும் ஒரு நீளமும் மட்டுமே போகின்றன. வரையெல்லை பற்றிய அறிவு முழுவதும் நம் மேசைக் கணினியிலேயே தங்கிவிடுகிறது.

முழுதளாவிய மாறிக்கு இதில் குறை எதுவும் இல்லை. நிரல் முடியும்வரை அதன் முகவரி மாறாது. உள்ளமை மாறியோ அடுக்கில் (ஸ்டாக்) வாழ்கிறது. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கிள்ளை முழுக்குத்துறைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது கடற்கரை மணலில் முளைக்கும் கடைகளைப் போன்றது அது. காலையில் வளையல் கடை இருந்த அதே மணலில் மாலையில் பொரிகடலைக்காரர் உட்கார்ந்திருப்பார். காவலுக்கு ஆள் வைக்கும்போது ‘இந்தக் கடையைப் பார்த்துக்கொள்’ என்கிறோமா, ‘இந்த இடத்தைப் பார்த்துக்கொள்’ என்கிறோமா? நிரலாளர் சொல்வது முன்னது. வன்பொருளுக்குக் கேட்பது பின்னது. இடையில் நின்று மொழிபெயர்க்க வேண்டியது டீபக்கர்.

ஜிடிபி இதை எப்படிச் செய்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்கலாம். நாம் கோவையைத் தட்டச்சு செய்ததும், அதில் உள்ள பெயர்களில் எது மிக உள்ளார்ந்த தொகுதியைச் சேர்ந்தது என்று அது குறித்துக்கொள்கிறது. அப்படி ஒரு தொகுதி இல்லையென்றால், அதாவது எல்லாம் முழுதளாவிய மாறிகள் என்றால், வரையெல்லைப் பேச்சே இல்லை. இருந்தால், அப்போதைய ஃப்ரேமின் அடையாளத்தை எழுதி வைத்துக்கொள்கிறது. ஃப்ரேம் என்பது ஒரு செயற்கூற்றின் ஒரு தனி அழைப்புக்கு அடுக்கில் ஒதுக்கப்பட்ட பகுதி. அதன் அடுக்கு முகவரியும் குறிமுறை முகவரியும் சேர்ந்ததே அடையாளம். அடுத்து நமக்குத் தெரியாமல் இன்னொரு காரியம் செய்கிறது. செயற்கூறு முடிந்து எந்த ஆணைக்குத் திரும்புமோ அங்கே, அழைத்தவரின் குறிமுறையில், ஒரு மறைமுக பிரேக்பாயின்டை வைக்கிறது. அது தட்டுப்பட்டதும் நம் ஃப்ரேம் இன்னும் அடுக்கில் இருக்கிறதா என்று தேடும். இல்லையென்றால் வாட்ச்பாயின்டை நீக்கி, மேலே சொன்ன அறிவிப்பைத் தரும்.

ஃப்ரேமைத் தேடாமல் அந்தத் திரும்பு முகவரியைத் தொட்டதுமே நீக்கிவிட்டால் என்ன? தன்னைத்தானே அழைக்கும் செயற்கூற்றில் அது பிழையாகிவிடும். ஃபேக்டோரியல் கணக்கில் ஐந்தாவது ஆழத்தில் இருக்கும் மாறிக்குக் காவல் போட்டிருக்கிறோம். அதற்கும் உள்ளே ஆறாவது ஏழாவது அழைப்புகள் வந்து திரும்பும்போது எல்லாம் அதே திரும்பு முகவரிக்குத்தான் வருகின்றன. எந்தத் திரும்பல் நம்முடையது என்பதைச் சொல்லக்கூடியது ஃப்ரேம் அடையாளம் ஒன்றே. ஆறாவது ஆழத்தில் அதே பெயருள்ள மாறி மாறினால் ஜிடிபி அசையாமல் இருப்பதும் இதனால்தான். புதிதாகப் பழகுபவர்கள் இதைக் கோளாறு என்று நினைப்பதுண்டு. அது சரியான நடத்தை.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. அது மேசைக் கணினியில் தெரியாது, சிறு போர்டில் தெரியும். கருவியின் குறிமுறை ஃபிளாஷ் நினைவகத்தில் இருந்தால், அந்த மறைமுக பிரேக்பாயின்டை ஆணையை மாற்றி எழுதி வைக்க முடியாது. அதற்கும் வன்பொருள் வேண்டும். கார்டெக்ஸ் எம்3-இல் ஆணை முகவரிகளுக்கான ஒப்பிடிகள் மொத்தமே ஆறு. எனவே ஓர் உள்ளமை மாறிக்குக் காவல் போடுவது இரண்டு வகை ஒப்பிடிகளிலும் ஒவ்வொன்றைப் பிடிக்கிறது. நாம் ஏற்கெனவே ஆறு பிரேக்பாயின்ட் வைத்துவிட்டு ஏழாவதாக வாட்ச் கேட்டால், ஜிடிபி சலித்துக்கொள்வதன் காரணம் திரையில் எங்கும் எழுதியிருக்காது.

செயற்கூற்றின் கடைசி ஓரிரு ஆணைகள் இன்னொரு தலைவலி. ஃப்ரேமைக் கலைக்கும் வேலை அங்கே பாதி நடந்திருக்கும். அடிப்படைச் சுட்டி அழைத்தவருடையதாக மாறியிருக்கும், ஆனால் திரும்பும் ஆணை இன்னும் ஓடவில்லை. அந்த நொடியில் ‘மொத்தம்’ எவ்வளவு என்று கேட்டால் யாருடையதோ ஒரு மதிப்பு வரும், காவல் வீணாகக் கூச்சலிடும். ஆகவே ஃப்ரேம் கலைந்துகொண்டிருக்கும் இடமா இது என்று செயலி வகைவாரியாகக் கேட்டறிய ஜிடிபிக்குள் ஒரு தனிச் சோதனை இருக்கிறது. ஆம் என்றால் அந்தத் தூண்டலைக் கண்டுகொள்ளாது. லாங்ஜம்ப்பிலோ சி++ விதிவிலக்கிலோ செயற்கூறு பின்வாசல் வழியாக வெளியேறினால் திரும்பு முகவரியைத் தொடுவதே இல்லை. மறைமுக பிரேக்பாயின்ட் காத்துக்கொண்டே இருக்கும். அப்போது காவல் போட்ட முகவரியில் வேறு யாராவது எழுதும்போதுதான் ஜிடிபி ஃப்ரேமைத் தேடி, காணாமல், காவலை எடுக்கும். தாமதமாக, ஆனால் பொய் சொல்லாமல்.

கையேடு தொகுதியை விட்டு வெளியேறும்போது என்கிறது. செய்கையில் சரிபார்ப்பது ஃப்ரேமை. ஒரு செயற்கூற்றுக்குள் ஃபார் சுழற்சியின் அடைப்புக்குள் மட்டும் வாழும் மாறிக்குக் காவல் போட்டால், அடைப்பை விட்டு வந்த பிறகும் செயற்கூறு முடியும்வரை காவல் நீடிக்கும். அந்த இடத்தைத் தொகுப்பி அடுத்த அடைப்பின் மாறிக்குக் கொடுத்திருந்தால், பழைய பெயரில் புதிய மாறியின் மாற்றம் தெரியவரும். இதைச் சரிசெய்ய அடைப்பு ஒவ்வொன்றின் முடிவிலும் பிரேக்பாயின்ட் வைக்க வேண்டும். உகந்தாக்கிய குறிமுறையில் அடைப்பின் முடிவு என்று ஓர் ஒற்றை இடமே இருக்காது. விட்டுவிட்டதை நான் குறையாகச் சொல்லமாட்டேன்.

மைக்ரோசாஃப்ட் எடுத்த வழி கைகழுவுவது. விஷுவல் ஸ்டுடியோவில் இதன் பெயர் டேட்டா பிரேக்பாயின்ட். உள்ளமை மாறியில் வைத்தால், செயற்கூறு முடிந்த பிறகும் அது உயிரோடு இருக்கும், முகவரி பொருந்தாது, நடத்தையை முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஆகவே முடிவதற்குள் நீங்களே நீக்கிவிடுங்கள் என்று அந்நிறுவனத்தின் ஆவணமே சொல்கிறது. நேர்மையான எச்சரிக்கைதான். ஆனால் ஆவணத்தைப் படித்துவிட்டா ஒருவர் டீபக்கரைத் திறக்கிறார்? டாட்நெட் கோர் 3.0 வந்த பிறகு அதே நிறுவனம் பொருள்களின் பண்புகளுக்கு டேட்டா பிரேக்பாயின்ட் கொடுத்தபோது, குப்பை சேகரிப்பி பொருளை நினைவகத்தில் இடம் மாற்றினாலும் காவல் கூடவே போகும்படி செய்தது. அடையாளத்தைப் பின்தொடர முடியும் என்று அங்கே காட்டிவிட்டு, சி++ பக்கம் முகவரியோடு நின்றுவிட்டதுதான் வியப்பு.

எல்எல்டிபியும் பல ஆண்டுகள் அப்படியே இருந்தது. மாறியின் பெயரைச் சொல்லிக் காவல் போட்டாலும் முகவரியே எஞ்சும். நிபந்தனையோடு போட்டவர்களுக்கு இது கூடுதல் தொல்லை. வரையெல்லைக்கு வெளியே தூண்டப்பட்டால் நிபந்தனையில் உள்ள பெயர்களையே அதனால் புரிந்துகொள்ள முடியாது. 2023-ல் இதற்குத் தீர்வு சேர்ந்தது: பெயரால் வைத்த வாட்ச்பாயின்டை, ஃப்ரேமை விட்டு வெளியேறும்போது முடக்கி வைப்பது. ஜிடிபியைப் போலவே திரும்பு முகவரியில் ஒரு மறைமுக பிரேக்பாயின்ட்தான் இதற்கும் அடிப்படை. நீக்குவதில்லை, முடக்குகிறது. பட்டியலில் அதன் எண் மிஞ்சும், எத்தனை முறை தூண்டப்பட்டது என்ற கணக்கும் மிஞ்சும். இது ஜிடிபியின் வழியைவிட ஒரு படி மேல் என்பது என் கணிப்பு.

ஆனாலும் மூன்றில் எதுவும் நம் நீர்மட்டக் கருவியின் நிரலாளர் கேட்டதைத் தரவில்லை. அவருக்கு வேண்டியது இந்த ஒரு ஃப்ரேமின் ‘மொத்தம்’ அல்ல. இனி வரும் ஒவ்வோர் அழைப்பிலும் பிறக்கப்போகும் ‘மொத்தம்’. கையால் செய்ய ஒரு வழி உண்டு. செயற்கூற்றின் வாயிலில் ஒரு பிரேக்பாயின்ட், அது தட்டுப்பட்டதும் ஓட வேண்டிய கட்டளைகளாக வாட்ச் போடுவதும் தொடர்ந்து ஓடுவதும். செயற்கூறு முடிந்ததும் ஜிடிபியே பழையதை நீக்கிவிடும், ஆனால் நீக்கும்போது ஒவ்வொரு முறையும் நிற்கும். மறுபடி ஓடச் சொல்ல வேண்டும் அல்லது பைத்தானில் ஒரு சிறு துணைநிரல் எழுத வேண்டும். தன்னைத்தானே அழைக்கும் செயற்கூறு என்றால் ஐந்தாவது ஆழத்திலேயே வன்பொருள் தீர்ந்துவிடும். வாயிலில் நிற்கும்போது மாறிக்குத் தொடக்க மதிப்பு இன்னும் வந்திருக்காது என்பதால், முதல் தூண்டல் பெரும்பாலும் குப்பையிலிருந்து சுழியத்துக்கு மாறியதாகத்தான் வரும்.

சில நேரங்களில் கடையை விட்டுவிட்டு மணலைத்தான் காக்க வேண்டியிருக்கும். ஜிடிபியின் வாட்ச் கட்டளையோடு லொகேஷன் என்ற விருப்பத்தைச் சேர்த்தால், கோவையை அப்போதே கணக்கிட்டு, கிடைத்த முகவரியை மட்டும் வைத்துக்கொள்ளும். செயற்கூறு முடிந்தாலும் நீங்காது. பெரும்பாலும் இது தேவையற்ற கூச்சலைத் தரும், ஏனென்றால் அடுத்தடுத்து அழைக்கப்படும் செயற்கூறுகள் எல்லாம் அந்த இடத்தில் எழுதும். ஆனால் நம் கருவியின் பிழைக்கு இதுவே மருந்தாகலாம். வேறொரு செயற்கூறு தன் உள்ளமை மாறியின் முகவரியை ஒரு இன்டரப்ட் கையாளிக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் இப்போது ‘மொத்தம்’ குடியிருக்கிறது. கையாளி எப்போதாவது ஒருமுறை பழைய முகவரியில் எழுதுகிறது. முகவரியில் போட்ட காவல் அந்த எழுத்தைக் கையும் களவுமாகப் பிடிக்கும். எழுதியது, செயலியைத் தொடாமல் நினைவகத்தில் நேரடியாக எழுதும் டிஎம்ஏ என்றால் மட்டும் பிடிபடாது. ஒப்பிடிகள் செயலிக் கருவின் வழியாகப் போகும் எழுத்துகளைத்தான் பார்க்கின்றன. மேசைக் கணினியில் இதே வகைப் பிழைக்கு மொசில்லாவில் பிறந்து 2014-ல் வெளிவந்த ஆர்ஆர் என்ற பதிவுக் கருவி இன்னும் நல்லது. கெட்ட மதிப்பைப் பார்த்த இடத்தில் நின்று, முகவரியில் காவல் போட்டு, நிரலைப் பின்னோக்கி ஓட்டலாம். முதலில் எதிர்ப்படும் எழுத்தே குற்றவாளி.

இதுவரை மாறி அடுக்கில் இருக்கிறது என்றே பேசினோம். ஓ2 என்ற உகந்தாக்கல் விருப்பத்தைப் போட்டுத் தொகுத்தால் ‘மொத்தம்’ பெரும்பாலும் நினைவகத்துக்கே வராது. ஒரு பதிவகத்தில் பிறந்து அங்கேயே முடிந்துவிடும். பதிவகத்துக்கு முகவரி இல்லை, ஆகவே வன்பொருள் காவலும் இல்லை. ஜிடிபி மென்பொருள் வழிக்கு இறங்கிவிடும், நிரல் நத்தையாகும். டுவார்ஃப் என்ற பிழைதிருத்தத் தகவல் வடிவத்தில் ஒரு மாறிக்கு இருப்பிடப் பட்டியலே உண்டு: இந்த ஆணை முதல் அந்த ஆணை வரை இந்தப் பதிவகம், பிறகு அடுக்கில் இந்த இடம், பிறகு எங்குமில்லை. மூலநிரலின்படி வரையெல்லைக்குள் இருக்கும் மாறி இயந்திரத்தில் எப்போதோ மறைந்திருக்கும். அதனால்தான் பிழை தேடும்போது உகந்தாக்கலைக் குறைத்துத் தொகுக்கச் சொல்கிறார்கள். குறைத்ததும் அடுக்கின் அமைப்பு மாறி, தேடிவந்த பிழையும் இடம் மாறுவது உண்டு.

நான்கு பதிவகம் என்ற தடையை உடைக்க ஆய்வாளர்கள் பழைய காலத்திலிருந்தே முயன்றிருக்கிறார்கள். ராபர்ட் வாபி 1992-லும், ஸ்டீவன் லூக்கோ, சூசன் கிரஹாம் ஆகியோரோடு 1993-லும் எழுதிய கட்டுரைகள், நிரலின் ஒவ்வோர் எழுத்து ஆணைக்கும் அருகே ஒரு சோதனையைத் தொகுப்பின்போதே நுழைத்துவிடும் வழியைச் சொன்னவை. 2008-ல் எம்ஐடியையும் சிங்கப்பூரையும் சேர்ந்த ஒரு குழு, ஓடும் நிரலிலேயே சோதனைகளைச் செருகிப் பத்து லட்சம் வாட்ச்பாயின்ட் வைப்பது எப்படி என்று எழுதியது. இன்று கைக்கு எட்டுவது வால்கிரைண்ட்: அதற்குள் ஓடும் நிரலுக்கு ஜிடிபியிலிருந்து எத்தனை காவல் வேண்டுமானாலும் போடலாம், நீளத்துக்கும் தடையில்லை, மெதுவாக ஓடுவதுதான் விலை. இந்த ஆய்வுகளின் கவனம் பெரும்பாலும் எண்ணிக்கையிலும் வேகத்திலும் இருந்தது. எந்த அழைப்பின் மாறி என்ற கேள்வி ஓரமாகவே நின்றது.

மேல்மட்ட மொழிகளில் கதை சுருக்கம். ஜாவாவின் மெய்நிகர் இயந்திரம் வகுப்பின் புலங்களுக்குக் காவல் தரும். உள்ளமை மாறிக்குத் தராது. பைத்தானில் தடம்பற்றும் செயற்கூறு ஃப்ரேம்வாரியாகவே ஒட்டப்படுகிறது, ஃப்ரேம் முடிந்தால் திரும்பல் நிகழ்வு தானே வந்து சேர்கிறது. பைத்தானின் டீபக்கரான பிடிபியின் டிஸ்ப்ளே கட்டளை அந்தந்த ஃப்ரேமுக்கு மட்டும் செல்லுபடியாவதும் இதனால் இயல்பாக அமைகிறது. அங்கே பெயர்தான் உண்மை, முகவரி யாருக்கும் தெரியாது. சி-க்காரர்கள் பொறாமைப்படலாம்.

கருவியைச் சென்னையில் உருவான செயலியில் ஓட்டினால்? ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் வீ. காமகோடி தலைமையில் உருவான சக்தி செயலிகள் 2018-ல் சிலிக்கானாக வந்தன. ஒன்று இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையில், மற்றொன்று சண்டிகரை ஒட்டிய மொகாலியில் உள்ள எஸ்சிஎல் என்ற குறைக்கடத்தி ஆய்வகத்தின் 180 நானோமீட்டர் ஆலையில். இவை ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பைப் பின்பற்றுபவை. அதன் பிழைதிருத்த வரையறையில் வாட்ச்பாயின்டும் வன்பொருள் பிரேக்பாயின்டும் ட்ரிக்கர் என்ற ஒரே உறுப்பின் இரு முகங்கள். டிசெலக்ட் என்ற பதிவகத்தில் எண்ணை எழுதி எந்த ட்ரிக்கர் என்று தேர்ந்தெடுத்து, டிடேட்டா1-ல் வகையையும் டிடேட்டா2-ல் முகவரியையும் வைக்க வேண்டும். இன்டெலைவிட இது தாராளம்: ஒரு முகவரிக்கு மேல், ஒரு முகவரிக்குக் கீழ் என்று இரண்டைச் சங்கிலியாகக் கோத்து ஒரு வரிசை முழுவதையும் காக்கலாம், எந்த இயக்கச் சூழலில் மட்டும் தூண்டப்பட வேண்டும் என்றுகூடச் சொல்லலாம். ஃப்ரேம் மட்டும் அந்த வரையறையிலும் கிடையாது. எத்தனை ட்ரிக்கர் என்பதை வரையறை கட்டாயப்படுத்தவில்லை. அது சில்லை வடிவமைப்பவர் விருப்பம், ஒன்றும் இல்லாமலும் விடலாம். அதனால் டீபக்கர் போர்டில் இறங்கியதும் டிசெலக்டில் ஓர் எண்ணை எழுதி, எழுதியது அப்படியே திரும்ப வருகிறதா என்று படித்துப் பார்த்துத்தான் எண்ணிக்கையைத் தெரிந்துகொள்கிறது. ஒன்றும் இல்லையென்றால் ஜேடேக் கம்பி வழியாக ஒவ்வோர் ஆணையாக நடக்க வேண்டியதுதான். உணரியிலிருந்து 16 அளவீடுகள் வருவதற்குள் ஓதம் ஏறி இறங்கிவிடும்.